புத்தகத் திருவிழா முடிந்த மறுநாள் புத்தகம் எங்கே கிடைக்கும்?

இப்போது என்ன படிக்கிறேன், புத்தகம் போடும் தொழில் எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, சமீபத்தில் படித்ததில் மனதில் நின்றது எது? (காங்கேயத்திலிருந்து ஒரு வாசகி)

'நாகம்மாள்', மறுபடியும். ஆர். ஷண்முகசுந்தரம் எழுதி 1942-இல் வந்த நாவல். உங்கள் பக்கத்துக்காரர்தான், கீரனூர். கணவனை இழந்தவள் கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். அது கொலையில் போய் முடிகிறது. கதை அவ்வளவுதான். முன்பெல்லாம் நாகம்மாளின் துணிச்சலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கொழுந்தன் சின்னப்பன்மேல் கண் போனது. அவன் கெட்டவன் இல்லை. பாடுபடுகிற, வீட்டை நினைக்கிற சாதாரணக் குடியானவன். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும்போது ஆசிரியர் யாருக்காகவும் வாதாடுவதில்லை. இத்தனை சின்ன நாவலில் அதைச் செய்துகாட்டியிருக்கிறார் என்பது இன்றும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

அதோடு தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கொங்குக் குடிநாவிதர் குடும்பம் ஒன்று, ஒரு சாவுக்காகக் கூடுகிறது. கூடிய இடத்தில் பழைய மனஸ்தாபங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. நம் ஊர் என்றாலே தோட்டமும் பண்ணயமும் வைத்திருப்பவர்களின் கதை என்றுதான் வெகுகாலம் ஆகிவிட்டிருந்தது. அந்தத் தோட்டத்து வாசலில் வந்து நின்றவர்கள் பக்கமிருந்து எழுதப்பட்டது இது. கட்டாயம் படியுங்கள்.

வால்பாறை எஸ்டேட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் கதையை யாராவது எழுதியிருக்கிறார்களா? (பொள்ளாச்சியிலிருந்து)

இருக்கிறது தம்பி. 'எரியும் பனிக்காடு'. எஸ்டேட்டில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்தார். வெளியிட்டது கோவை விடியல் பதிப்பகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பேச்சை நம்பி மலையேறிய கருப்பனும் வள்ளியும் முன்பணக் கடனில் மாட்டிக்கொள்வது மனதை அறுக்கும்.

200 பக்கப் புத்தகம் 250 ரூபாய். பதிப்பாளர்கள் கொள்ளை லாபம் பார்க்கிறார்களா? (ஈரோட்டிலிருந்து ஒரு ஆசிரியர்)

இல்லைங்க சார். அந்த 250 ரூபாயையே பிரித்துப் பாருங்கள். கடைக்குக் கொடுக்கும் கழிவு, அதாவது கமிஷன், மூன்றில் ஒரு பங்கு வரை போகும். எழுத்தாளருக்குப் பத்து சதவீதம் ராயல்டி என்றால் 25 ரூபாய். மிச்சத்தில்தான் தாள், அச்சு, பைண்டிங், அட்டை வடிவமைப்பு, குடோன் வாடகை, ஸ்டால் வாடகை எல்லாம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் உண்டு. விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது அப்படியே விலையில் ஏறி நம் தலையில்தான் விழுகிறது.

முன்பு ஒரு பதிப்பு என்றால் 1,200 பிரதி என்பது வழக்கம். அதிகமாக அச்சிட்டால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு குறையும். இப்போது டிஜிட்டல் அச்சில் நூறு, இருநூறு என்று போட்டுக்கொள்ளலாம். பிரதிக்குச் செலவு கூடும்.

அந்த மாற்றம் நல்லதா கெட்டதா?

இரண்டும்தான். பழைய புத்தகம் எதுவும் 'அச்சில் இல்லை' என்று செத்துப்போக வேண்டியதில்லை. ஐம்பது பிரதி போட்டுக்கூட உயிரோடு வைத்திருக்கலாம். ஆனால் 1,200 பிரதி குடோனில் அடுக்கியிருந்தபோது, விற்றே ஆக வேண்டும் என்ற கவலை பதிப்பாளருக்கு இருந்தது. கடை கடையாகப் போனார்கள். இருநூறு பிரதிக்கு யார் அலைவார்கள்? சென்னைக் கண்காட்சியில் கொஞ்சம், ஆகஸ்டில் ஈரோட்டில் கொஞ்சம், கோவை கொடிசியாவில் கொஞ்சம் என்று விற்றுவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுகிறார்கள். ஈரோட்டில் உண்டியல் காசைக் கொண்டுவந்து எண்ணிக் கொடுக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குச் செப்டம்பரில் இன்னொரு புத்தகம் வேண்டுமென்றால் கோபியிலோ சத்தியிலோ எங்கே போவாள்? என் ஆதங்கமெல்லாம் இதுதான். புத்தகம் போடுவது எளிதாகிவிட்டது. அதைச் செம்மையாக்கவும் ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கவும்தான் ஆளில்லை.

நூலகங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நூலகங்களுக்காக அரசு மொத்தமாகப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையையே நம்பிப் பதிப்பாளர் தொழில் செய்வது ஆபத்து. பாரம் கணக்கில், அதாவது பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை போடும் பழக்கத்தால், சின்னதாக நிற்க வேண்டிய புத்தகங்கள்கூட ஊதிப்போயின. உங்கள் கிளை நூலகத்துக்குப் போய் வேண்டிய புத்தகத்தின் பெயரைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். வரி கட்டுகிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

முதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். பதிப்பகம் ஒன்று 40,000 ரூபாய் கேட்கிறது, ஒப்பந்தத்தில் கால அளவே இல்லை. கையெழுத்துப் போடட்டுமா? (பெருந்துறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

அவசரப்படாதே கண்ணு. காசு வாங்கிக்கொண்டு அச்சடித்துத் தருவது ஒரு சேவை. அதை அப்படியே சொல்லிச் செய்தால் தவறில்லை. ஆனால் செலவு உன்னுடையது, உரிமை அவர்களுடையது என்றால் ஒத்துக்கொள்ளாதே. எத்தனை பிரதி, மிச்சப் பிரதி யாருக்கு, கணக்கு எப்போது என்பதை எழுத்தில் கேள்.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படித்துப் பார். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் பொருள். எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை அது காலாவதியாகும். மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல், சினிமா ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. 'அனைத்து உரிமைகளும்' என்ற ஒற்றை வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனிக்கட்டணம் கேட்டால் கொடுக்காதே. ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் மத்திய அரசின் முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது.

அப்புறம், அந்த 40,000-இல் எடிட்டிங் இருக்கிறதா என்று கேட்டாயா?

எடிட்டர் அவ்வளவு முக்கியமா? எழுத்துப்பிழை பார்த்தால் போதாதா?

போதாது. அண்மையில் ஒரு கொங்கு நாவல் படித்தேன், பெயர் வேண்டாம். நல்ல கை, நல்ல களம். பெரியண்ணன் கல்யாணத்தில் இணைச்சீரை, அதாவது மாப்பிள்ளையும் அவன் உடன்பிறந்தவளும் சேர்ந்து நிற்கும் சடங்கை, நான்கு பக்கம் விவரிக்கிறார். உருக்கமாக இருக்கிறது. நூறு பக்கம் தாண்டிச் சின்னண்ணன் கல்யாணத்திலும் அதே இணைச்சீர், அதே கூறைப்புடவை, கிட்டத்தட்ட அதே வாக்கியங்கள். இரண்டாவதில் அண்ணனும் தங்கையும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்! பேசாத இருவர் அந்தச் சடங்கில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை எழுதியிருந்தால் நாவல் எங்கேயோ போயிருக்கும். 'இங்கே நில்லுங்கள், இதைத் திரும்ப எழுதுங்கள்' என்று சொல்ல ஒருவர் இல்லாததால் அந்த இடம் வீணாகப்போனது. பிழைதிருத்துபவர் இதைச் சொல்லமாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

பிடிஎஃப் சுற்றுக்கு விடுவது பற்றி?

விற்பனையில் இருக்கும் புத்தகத்தைச் சுற்றுக்கு விடாதீர்கள். அந்த 25 ரூபாய்தான் எழுத்தாளருக்கு வருவது.

தபாலில் வாங்கினால் புத்தகத்தைவிடத் தபால் செலவு பயமுறுத்துகிறதே? (தாராபுரத்திலிருந்து)

நூல்களுக்கு முன்பு இருந்த தபால் சலுகையை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சின்னப் பதிப்பாளர்கள் தவித்துப்போனார்கள். 2025 மே மாதத்திலிருந்து நூல்களுக்கான 'ஞான் போஸ்ட்' என்ற தபால் சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. மெதுவாகத்தான் வரும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே கட்டாக வரவழையுங்கள், ஆளுக்குச் சொற்பம்தான் ஆகும்.

உங்கள் அடுத்த நாவல் எப்போது?

எழுதி முடித்துவிட்டேன். எடிட்டரிடம் இருக்கிறது. முதல் மூன்று அத்தியாயங்களை ஒன்றாக்கச் சொல்லியிருக்கிறார், அதில் உட்கார்ந்திருக்கிறேன். கண்காட்சித் தேதிக்காக அவசரப்படுவதாக இல்லை.