ஊர் அடுப்பங்கரைக்கு வினைல் வேண்டாம், தம்பி

தம்பி, நீங்க கேட்டது ரெண்டு கேள்வி. டொரான்டோ வந்து ஏழு மாசம் ஆகுது. மன்னார்குடி பக்கம் அம்மா இருக்கிற வீட்டுல 10க்கு 12 அடி அடுப்பங்கரைத் தரை நடுவுல உள்வாங்கிக் கிடக்கு, மழைக்காலத்துல ஓதம் ஏறி வழுக்குது. இங்க வீட்டுக்கு வீடு பார்க்குற வினைல்ங்கிற பிளாஸ்டிக் தரைப் பலகையை அங்கயும் போட்டா என்னன்னு கேக்குறீங்க. இன்னொண்ணு, நேர்ல நிக்காம கொத்தனார்கிட்ட எப்படி வேலை வாங்குறதுன்னு.

வினைல் வேண்டாம். இங்க அதுக்கு அடியில ப்ளைவுட் இருக்கு, வீடு காய்ஞ்ச வீடு, யாரும் தரையில தண்ணி ஊத்திக் கழுவுறதில்ல. இங்கத்த கிச்சன் தரையில தண்ணி வெளியேற ஓட்டையே கிடையாது. வாளியைக் கவிழ்த்தா பேஸ்மென்ட் கூரையில சொட்டும், வாடகை வீடுன்னா அந்தச் செலவு உங்க தலையில. ஊர்ல கதையே வேற. வினைல் தண்ணியில ஊறாதுதான். ஆனா மண்ணுலேர்ந்து மேல வர்ற ஓதம் அதுக்கு அடியில மாட்டிக்கிட்டு பூஞ்சை பிடிக்கும், நாத்தம் எடுக்கும். முழு சிலிண்டர் 30 கிலோ வரும். அதை உருட்டி இழுக்குறப்ப பலகைங்க பூட்டிக்கிற உதடு உடைஞ்சு போகும்.

வேற என்ன போடலாம்? சிவப்பு ஆக்சைடு அழகு, ஆனா அதைப் பதமா தேய்ச்சுப் பளபளப்பு கொண்டுவர்ற கை இப்ப குறைவு. அடித்தளம் கொஞ்சம் அசைஞ்சாலும் மயிரிழை வெடிப்பு விழும். ஆத்தங்குடிக் கல்லைக் கூடத்துல போடுங்க. அது சிமென்ட் கல், எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் பட்டா கறை இறங்கிடும். பளபளன்னு 2க்கு 2 அடி வெள்ளை விட்ரிஃபைடைத்தான் (கண்ணாடி மாதிரி இறுகச் சுட்ட டைல்) கடைக்காரர் முதல்ல காட்டுவார். எண்ணெய் சிந்தின தரையில அதுமேல நடக்கப்போறது உங்க அம்மா. அதோட, நாணி ட்ராப் (தரையில தண்ணி வெளியேறுற வாய்) பக்கம் வாட்டம் கொடுக்கணும்னா பெரிய டைல் மடங்காது, மூலை தூக்கிக்கும். என் தேர்வு 1க்கு 1 அடி மேட் (பளபளப்பு இல்லாத) டைல், வெளிர் சாம்பலோ சந்தன நிறமோ. விட்ரிஃபைடுல கிடைச்சா நல்லது, அது நீர் உறிஞ்சுறது 0.5 சதவீதத்துக்கு மேல போகாது. இல்லேன்னா தரைக்கான செராமிக் போதும், சுவர் டைலைத் தள்ளி விட்டுடப் போறாங்க, பார்த்துக்குங்க. பாத்ரூம் டைல் மாதிரி ரொம்பச் சொரசொரப்பும் வேண்டாம், அந்தக் குழியில எண்ணெய்ப் பிசுக்கு உக்காந்தா போகாது.

இப்ப அசல் விஷயம். உங்க தரை உள்வாங்கினதுக்கு டைல் காரணம் இல்ல, மண்ணுதான் காரணம். நம்ம பக்கத்துக் களிமண் கோடையில சுருங்கி வெடிக்கும், வாய்க்கால்ல தண்ணி வந்ததும் உப்பும். வீடு கட்டினப்ப கொல்லையில வெட்டின அதே களியைப் போட்டு நிரப்பியிருப்பாங்க. பெருச்சாளி வளையும், தரைக்கு அடியில ஓடுற தொட்டிக் குழாயோட கசிவும் சேர்ந்தா நடுவுல பள்ளம்தான். பழைய தரை மேலயே டைல் ஒட்டித் தர்றேன்னு சொல்ற ஆளை அனுப்பிடுங்க. ஒட்டினா பள்ளமும் அப்படியே இருக்கும், கதவும் அரை அங்குலம் இடிக்கும்.

தரையை உடைச்சு, ஓர் அடிக்குக் களியை எடுத்து வெளியில கொட்டச் சொல்லுங்க. குழாயை அப்பவே தண்ணி விட்டுச் சோதிக்கணும். கிராவலை ஆறு அங்குலத்துக்கு ஒரு அடுக்காப் போட்டு, லேசா நனைச்சு, திமிசுக் கட்டையால இடிச்சு இறுக்கணும். எடுத்த களி திரும்ப உள்ள போகக் கூடாது. கறையான் மருந்துக்கு இதுதான் நேரம், சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல்னு கணக்கு, உங்க அறைக்கு ஒரு 55 லிட்டர். அதுக்கு மேல 250 மைக்ரான் பாலித்தீன் தாள், சேர்ற இடத்துல ஆறு அங்குலம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும், ஓரத்தைச் சுவரோரம் நாலு அங்குலம் மேல மடக்கி விடணும். இந்தத் தாளைத்தான் ‘தேவையில்ல சார்’னு விட்டுடுவாங்க. அது இல்லாம ஓதம் நிக்காது.

தாள் மேல நாலு அங்குலம் 1:4:8 கான்கிரீட், அதாவது சிமென்ட் ஒரு பங்கு, மணல் நாலு, ஜல்லி எட்டு. 120 சதுர அடிக்கு அது 40 கன அடி: சிமென்ட் 4 மூட்டை, எம்.சாண்ட் (கல்லை உடைச்சுச் செய்ற மணல்) 19 கன அடி, 40 மி.மீ. ஜல்லி 38 கன அடி. ஜல்லி கொட்டுறப்ப தாள் கிழியாம இருக்க முதல்ல அரை அங்குலம் மணல் தூவிடணும். ஏழு நாள் தண்ணி கட்டணும். பிறகு ஒண்ணரை அங்குலத்துக்கு 1:5 சாந்து, அதுக்கு 3 மூட்டை. வாட்டத்தை இந்தச் சாந்துலயே கொடுத்துடணும், பத்து அடிக்கு ஒண்ணேகால் அங்குலம். கூடத்துத் தரையை விட அடுப்பங்கரை அரை அங்குலம் தாழ்வா நிக்கட்டும். முத்துப்பேட்டை, வேதாரண்யம் மாதிரி கடலோரம்னா போர் தண்ணியில கலக்க விடாதீங்க. உப்புத் தண்ணியில கலந்தா வெள்ளையா உப்புப் பூத்துக்கிட்டே இருக்கும்.

டைல் எண்ணிக்கையில எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு உண்டு. 1 அடின்னு சொல்றது 300 மி.மீ., அதாவது 11.8 அங்குலம். அதனால உங்களுக்கு 120 இல்ல, 124. வெட்டுச் சேதம் பத்து சதவீதம் சேர்த்தா 136. சுவரோட அடியில ஒட்டுற நாலு அங்குல ஸ்கர்ட்டிங், வாசல் போக 40 அடிக்கு, ஒரு டைல்ல மூணு பட்டை வீதம் 14. ஆக 150. பத்து கூட வாங்கிப் பரண்ல போட்டு வைங்க, இரண்டு வருஷம் கழிச்சு அதே சாயல் கிடைக்காது. எல்லாப் பெட்டி மேலயும் ஷேடு நம்பரும் பேட்ச் நம்பரும் ஒண்ணா இருக்கான்னு கடையிலயே போட்டோ வாங்குங்க.

ஒட்டுறதுக்கு டைல் அட்ஹெசிவ். மூட்டையில ஐ.எஸ். 15477 (இந்தியத் தர எண்), டைப் 2ன்னு இருக்கணும். 20 கிலோ மூட்டை 50 சதுர அடி வரைக்கும் வரும், மூணு போதும். பல்லு வச்ச கரண்டியால முழுசாத் தேய்ச்சு ஒட்டணும். நாலு மூலையிலயும் நடுவுலயும் உருண்டை வச்சு அழுத்துறது வேகமான வேலை, ஆனா இடையில வெத்திடம் நிக்கும், அம்மிக்குழவி விழுந்த அன்னிக்கு அங்கதான் உடையும். டைலுக்கு நடுவுல 3 மி.மீ. ஸ்பேசர் வச்சு இடுக்கு விட்டு, மறுநாள் அந்த இடுக்கை நிரப்ப எபாக்சி (பிசின்) க்ரௌட், 4 கிலோ. சிமென்ட் க்ரௌட் மஞ்சளையும் எண்ணெயையும் குடிச்சு ஆறு மாசத்துல கறுத்துடும். எபாக்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து உடனுக்குடன் துடைக்கணும், காய்ஞ்சா டைல் மேல படலமா நின்னுடும்.

வேலையை மாசி, பங்குனியில வைங்க. ஐப்பசி, கார்த்திகையில தோண்டினா குழியில தண்ணி ஊறும். ஜூன் 12 மேட்டூர் திறந்து வாய்க்கால் ஓட ஆரம்பிச்சாலும் நிலத்தடி ஈரம் ஏறிடும். மொத்தம் மூணு வாரம், அதுவரைக்கும் கொல்லைப் பக்கம் அடுப்பு மாத்தி வைக்கணும்.

பணத்தைக் கொத்தனாருக்கு அனுப்பாதீங்க. டைல் காசு நேராக் கடைக்கு, மீதி அம்மா கணக்குக்கு, அதுவும் கட்டம் கட்டமா. அடித்தள வேலைக்கு நாள் கூலி, டைலுக்குச் சதுர அடிக் கூலி. அடித்தளத்தைச் சதுர அடிக்கு விட்டா திமிசு தரையையே தொடாது. மூடினா தெரியாம போற நாலு வேலையை மூடுறதுக்கு முன்னாடி வீடியோவுல பார்க்கணும்: குழாய்ச் சோதனை, கிராவல் இறுக்கினது, பாலித்தீன் தாள், டைல் முதுகுல பசை பரவினது. கடைசியாச் சொன்ன பசைக்கு, ஒட்டின ஒரு டைலை உடனே கழட்டித் திருப்பிக் காட்டச் சொல்லுங்க, தயங்குவார், விடாதீங்க. அங்க காலை 9 மணின்னா உங்களுக்கு முந்தின நாள் ராத்திரி 10:30. மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு அப்புறம் 11:30.

கடைசித் தவணைக்கு முன்னாடி அம்மாவை ஒரு மரக்கட்டையால டைல் டைலாத் தட்டச் சொல்லுங்க. கெட்டியான சத்தத்துக்கு நடுவுல எங்கயாவது பொள்ளலாக் கேட்டா சாக்பீஸ்ல குறி போட்டு, அதை மட்டும் எடுத்து மறுபடி ஒட்ட வைங்க. போன்ல சத்தம் தெளிவா விழணும்னா ஃபேனை நிறுத்தச் சொல்லிடுங்க.