மூன்று ஈசிஜியும் நார்மல், படபடப்பு மட்டும் நிற்கவில்லை

கேள்வி: எனக்கு 43 வயது. பல்லடம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறேன். போன தை மாதம் என் பங்காளி ஒருவர், என் வயதுதான், மாரடைப்பில் போய்விட்டார். அதிலிருந்து எனக்கு நெஞ்சு படபடப்பு. ராத்திரி இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் தொம் தொம்மென்று காதிலேயே கேட்கிறது. தினமும் பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது நெஞ்சைத் தூக்கிப் போடுகிறது. இரண்டு தடவை நடுராத்திரியில் வேர்த்து, விரலெல்லாம் மரத்து, 'இத்தோடு முடிந்தது' என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிமீட்டரில் துடிப்பு 124 காட்டியது. மயக்கமோ கண் இருட்டலோ வந்ததில்லை. போய்ச் சேருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டது. ஈசிஜி மூன்று முறை, எக்கோ (இதய ஸ்கேன்), டிஎம்டி (ஓடும் பட்டையில் நடக்க வைத்து எடுக்கும் ஈசிஜி) எல்லாம் நார்மல். டிஎம்டியில் ஒன்பது நிமிடம் நடந்தேன். மெடிக்கலில் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்தார்கள், போட்டால் தேவலை. 'எல்லாம் மனசுதானுங்க' என்கிறார் வீட்டுக்காரம்மா. இது இதயமா, மனசா? ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிடலாமா? திருப்பூருக்கு லோடு வண்டி ஓட்டலாமா?

பதில்: முதலில் ஆஞ்சியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் நீங்கள் பணம் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஆஞ்சியோ காட்டுவது இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்பதை. உங்கள் தொந்தரவு துடிப்பின் தாளத்தைப் பற்றியது. தாளத்தை ஆஞ்சியோ சொல்லாது. தவிர, டிஎம்டியின் மூன்றாம் கட்டத்தில் மணிக்கு 5.5 கிலோமீட்டர் வேகத்தில் 14 சதவீத ஏற்றத்தில் நடக்க வைப்பார்கள். ஒன்பது நிமிடம் என்றால் நீங்கள் அதையும் முடித்திருக்கிறீர்கள், நெஞ்சு வலி இல்லாமல், ஈசிஜியில் மாற்றம் இல்லாமல். அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து, படபடப்பு என்று ஒரே பெயரில் மூன்று தனித்தனி விஷயங்களை எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை வேறு வேறு.

இடப்பக்கம் படுத்தால் கேட்பது நோயே இல்லை. அந்தப் பக்கம் சாயும்போது இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வந்துவிடுகிறது, ராத்திரியில் வேறு சத்தமும் இல்லை. வலப்பக்கம் திரும்பிப் படுங்கள்.

ஒரு துடிப்பு விட்டுப்போவது போல் தோன்றுகிறதே, உண்மையில் அங்கே எதுவும் விட்டுப்போவதில்லை. ஒரு துடிப்பு தன் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. இதயத்தில் ரத்தம் சரியாக நிரம்புவதற்குள் வருவதால் அது நமக்குத் தெரிவதில்லை. அதன் பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் கூடுதலாக ரத்தம் நிரம்பிக்கொள்வதால் அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கிறது. நீங்கள் உணர்வது அந்த ஓங்கிய அடியைத்தான். எக்கோ நார்மலாக இருப்பவருக்கு இது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆரோக்கியமானவர்களுக்கும் வரும், பலர் கவனிப்பதே இல்லை. ஒரு நாளின் மொத்தத் துடிப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் இப்படி இருந்தால் மட்டும் இதய மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டும். அதை எண்ணுவதற்கு ஹோல்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. நெஞ்சில் ஒட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு 24 மணி நேரம் உங்கள் வேலையைப் பார்க்கலாம். உங்களுக்குத் தினமும் வருவதால் ஹோல்டரில் பெரும்பாலும் மாட்டும். மாதம் ஒரு தடவை வருபவருக்கு அதே ஹோல்டர் தண்டச் செலவு.

மூன்றாவது, அந்த இரண்டு ராத்திரிகள். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சாதாரண ஈசிஜி ஏறத்தாழ பத்து வினாடியைத்தான் பதிவு செய்யும். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. படபடப்பு அடங்கிய பிறகு எடுத்த ஈசிஜி நார்மல் என்றால், அந்தப் பத்து வினாடி நார்மல் என்றுதான் அர்த்தம். ஆகவே அந்த இரண்டு ராத்திரியும் எடுத்த தாள்களைத் தேடி எடுங்கள். அந்தத் தாள் பேருந்து டிக்கெட் மாதிரி வெப்பத்தில் அச்சாவது. பைலுக்குள் வைத்தாலும் நாளாக ஆக எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். இன்றைக்கே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். துடிப்பு வேகமாக இருக்கும்போதே ஒரு தாளாவது எடுத்திருந்தால், நீங்கள் எழுதிய கடிதத்தை விட அது அதிகம் சொல்லும்.

தாளே இல்லை என்றாலும் ஒரு வழி இருக்கிறது. எப்படி ஆரம்பித்தது, எப்படி முடிந்தது என்று யோசியுங்கள். பயத்தில் வரும் வேகம் ஏறி வரும்: 90, 105, 124. இறங்குவதும் அப்படியே, கொஞ்சம் கொஞ்சமாக. பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். மூச்சை வேக வேகமாக இழுத்து விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். உங்கள் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். 'பேனிக் அட்டாக்' என்று மருத்துவர்கள் சொல்வது.

எஸ்விடி என்று இன்னொன்று உண்டு. இதயத்தின் மின் பாதையில் பிறவியிலேயே இருக்கும் ஒரு கூடுதல் வழியால் வருவது. அது ஒரே நொடியில் ஆரம்பிக்கும், ஒரே நொடியில் நிற்கும். துடிப்பு பெரும்பாலும் 150க்கு மேல், சிலருக்கு 200ஐத் தாண்டும். கழுத்தில் தட்டுவது தெரியும், நின்ற பிறகு சிலருக்குச் சிறுநீர் நிறையப் போகும். 'பயந்த சுபாவம்' என்று பெயர் வாங்கி வருடக்கணக்காகத் தூக்க மாத்திரையில் காலம் தள்ளிய பெண்களில் சிலருக்கு இருந்தது இதுதான். தொடையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக உள்ளே போய் அந்த வழியை மட்டும் சுட்டுவிடும் சிகிச்சையில் பெரும்பாலோருக்கு முழுக்கச் சரியாகிவிடும், கோவையிலேயே செய்கிறார்கள். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தலாம்.

மருத்துவரிடம் போகும்போது 'படபடன்னு இருக்குதுங்க' என்று மட்டும் சொல்லாமல், அந்த நேரத்தில் எப்படி அடித்ததோ அப்படியே மேசை மேல் விரலால் தட்டிக் காட்டுங்கள். சீரான வேகமா, நடுவில் ஒன்று இடறுகிறதா, தாறுமாறாகவா என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். தாறுமாறாக இருந்தால் அது வேறு கதை. வயதானவர்களுக்கும், சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்களுக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரலாம். அதில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்து இருப்பதால் தள்ளிப்போடக் கூடாது.

இத்தனை பரிசோதனை செய்தீர்கள், ஆனால் ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை, பொட்டாசியம் பார்த்ததாக எழுதவில்லையே? தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எக்கோவை விட எத்தனையோ மலிவு. முதலில் இதை முடியுங்கள்.

பேக்கரியில் ஒரு நாளைக்கு எத்தனை டீ? தறிக்காரருக்குக் கணக்கே இருக்காது என்று தெரியும். எல்லோருக்கும் டீ, காபியால் படபடப்பு வருவதில்லை; சிலருக்கு வரும். இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தலைவலிக்கும். குறைந்தால் அளவைக் குறையுங்கள். மாற்றமே இல்லை என்றால் பழையபடி குடியுங்கள், வாழ்நாள் விரதமெல்லாம் வேண்டாம். சிகரெட், புகையிலை அப்படி அல்ல, அதை விடத்தான் வேண்டும். குடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, கேட்காமல் விடவும் முடியாது. சனிக்கிழமை கூலிக் கணக்கு முடித்துவிட்டு ராத்திரி கொஞ்சம் என்றால், ஞாயிறு காலையில் வரும் படபடப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பலமாகக் குறட்டை விடுவீர்களா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் நடுராத்திரியில் இப்படித் தூக்கிவாரிப் போட்டு எழுப்பும்.

சரி, இதயமா மனசா என்ற கேள்விக்கு வருவோம். பயப்படும்போது சுரக்கும் அட்ரினலின் போய்த் தட்டுவது உண்மையான இதயத்தைத்தான். 124 என்பது கற்பனை எண் இல்லை. அதனால் 'எல்லாம் மனசுதான்' என்று வீட்டில் சொல்லும்போது உங்களுக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதயம் கெட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தமும் இல்லை. தறிக் குடோனை ஒட்டியே படுத்துத் தூங்குபவர் நீங்கள். அத்தனை தறி ஓடினாலும் தூக்கம் கலையாது, ஒரு தறி நின்றால் உடனே விழிப்பு வந்துவிடும். பங்காளி போன நாளிலிருந்து அதே காது நெஞ்சுப் பக்கம் திரும்பிவிட்டது. முன்பும் வந்துபோன துடிப்புகள்தான். இப்போது ஒவ்வொன்றும் கேட்கிறது. கேட்டதும் பயம், பயந்ததும் வேகம், வேகத்தைக் கண்டு இன்னும் பயம்.

இந்தச் சுற்றுக்குத் தீனி போடுவது நீங்கள் நிம்மதிக்காகச் செய்யும் காரியங்கள்தான். கொரோனா காலத்தில் வாங்கிய அந்த ஆக்சிமீட்டரை ஒரு நாளைக்கு எத்தனை முறை விரலில் மாட்டுகிறீர்கள்? அதைத் தம்பி வீட்டிலோ மாமனார் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். யூடியூபில் மாரடைப்பு அறிகுறி பார்ப்பதை நிறுத்துங்கள். படபடப்பு வந்தால் உட்காருங்கள், பாதம் தரையில் படட்டும். மூக்கால் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். துடிப்பைக் குறைத்தே தீருவது என்று மல்லுக்கட்ட வேண்டாம். அப்புறம் விட்ட வேலையைத் தொடருங்கள், அதுதான் முக்கியம். நாடி பார்த்தே ஆக வேண்டும் என்றால் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஒரு தடவை மட்டும், நோட்டில் நேரத்தோடு எழுதிவிட்டு மூடிவிடுங்கள்.

பயந்து விட்டுவிட்டவற்றைத் திரும்ப எடுக்க வேண்டும். மாடிப்படி ஏறுவதை நிறுத்தியிருப்பீர்கள். எழவு வீட்டுக்குப் போவதைத் தவிர்ப்பீர்கள். சென்னிமலைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். தினமும் அரை மணி நடையில் ஆரம்பியுங்கள். இரண்டு மாதத்தில் சென்னிமலையின் 1320 படியையும் நின்று நின்று ஏறலாம். ஏறும்போது நெஞ்சு அடிக்கும். அடிக்கத்தான் வேண்டும்.

மாத்திரை விஷயம். புரோப்ரனலாலை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். இளைப்பு உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், நம் ஊரில் பஞ்சுத் தூசியில் வேலை செய்து இளைப்பு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வேர்ப்பது மட்டும்தான் தெரியும். தினமும் போட்டுப் பழகியிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லிக் குறைக்க வேண்டும். பயத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை யாராவது கொடுத்தால் சில நாளைக்கு மேல் தொடராதீர்கள், சீக்கிரம் பழக்கமாகிவிடும்.

இத்தனையும் செய்து ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'ஊருக்குள் தெரிந்தால் பிள்ளைக்குப் பொண்ணு கொடுப்பார்களா' என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. திருப்பூர், கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குப் பிரிவு இருக்கிறது. அதற்கும் தயக்கம் என்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பயத்தைக் கையாளப் பயிற்சி தருவார்கள், தேவைப்பட்டால் எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரை தருவார்கள். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடலாம், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

எப்போது மூச்சுப் பயிற்சி, எண்ணிக்கை எல்லாவற்றையும் விட்டுவிட்டு 108ஐக் கூப்பிட வேண்டும்? படபடப்போடு மயங்கி விழுந்தால். பாரம் வைத்து அழுத்துவது போன்ற நெஞ்சு வலி வந்து கை, தாடைக்குப் பரவினால். உட்கார்ந்த நிலையிலும் மூச்சு வாங்கினால். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வேர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம். ஓடும்போதோ படியேறும்போதோ மயக்கம் வந்திருந்தாலும், ரத்த உறவில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தாலும் தாமதிக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள். உங்கள் பங்காளி எத்தனை தலைமுறை தள்ளிய பங்காளி என்று எழுதவில்லை. அண்ணன் தம்பி முறையில் நெருங்கிய ரத்தம் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கொழுப்பு, பிபி, சர்க்கரையை வருடம் ஒரு முறை பாருங்கள். பயந்துபோய் நடுராத்திரி பார்க்கும் பிபியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

லோடு வண்டி ஓட்டலாம். இதுவரை உங்களுக்கு மயக்கம் வந்ததில்லை, கண் இருட்டியதில்லை. ஓட்டும்போது படபடத்தால் ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் மூச்சை மெதுவாக விட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், திருப்பூருக்கே போங்கள். அல்பிரசோலம் போட்ட நாளில் மட்டும் வேறு ஆளை ஓட்டச் சொல்லுங்கள்.