கேளுங்கள் சொல்கிறேன்: மாமா நிலத்தில் கிடைத்த க்ரூகர் காசு

கேள்வி: அண்ணா, வணக்கம். வெருலம் பக்கத்தில் எங்கள் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம், ஓரத்தில் பழைய கூலி லைன், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் அடித்தளம் இன்னும் தெரியும். அங்கே மெட்டல் டிடெக்டரோடு போனபோது ஒரு சாண் ஆழத்தில் பெரிய வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் தாடியோடு க்ரூகர் தலை, இன்னொரு பக்கம் கழுகும் கேடயமும். 1892 என்று போட்டிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வந்துவிடும் என்கிறார் அம்மா. தேய்க்கலாமா? என்ன விலை போகும்? போட்டோ அனுப்பியிருக்கிறேன்.
- வாசகர், வெருலம்

பதில்: தம்பி, அந்தப் புளியை ரசத்துக்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அம்மாவை. குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்கு ஆகாது. நூறு வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த வெள்ளியின் மேல் ஒரு கறுப்புத் தோல் படிந்திருக்கும், சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதே அந்தத் தோலுக்கும் சேர்த்துத்தான். புளியின் அமிலம் அதைத் தின்றுவிடும், தேய்க்கிற தேய்ப்பில் மெல்லிய கீறல்களும் விழும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் லென்ஸ் வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியும். தரம் பிரித்துச் சான்று கொடுக்கிற இடங்களில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள், அதோடு விலை போச்சு. எலுமிச்சை, பல்பொடி, விபூதி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, தண்ணீரை அவ்வப்போது மாற்றி, மண் தானாக இளகி விழுகிற வரை பொறுங்கள். அப்புறம் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்கக்கூடாது. மெத்துமெத்தென்று இருக்கிற பிவிசி உறையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறிவிடும்.

இனி காசுக்கு வருவோம். நீங்கள் சொல்கிற அளவைப் பார்த்தால் அது 5 ஷில்லிங். க்ரூகர் தலைவராக இருந்த டிரான்ஸ்வால் குடியரசு, அதாவது டச்சு வம்சாவளிப் பூவர்களின் தென்னாப்பிரிக்க நாடு, இந்த 5 ஷில்லிங்கை 1892-இல் மட்டும்தான் வெளியிட்டது, மற்ற வருடங்களில் கிடையாது. அப்போது பிரிட்டோரியாவில் நாணயச்சாலை இன்னும் தயாராகவில்லை, அதனால் அந்த வருடத்து முதல் காசுகளை பெர்லினில் அடித்து வாங்கினார்கள். அங்கே செதுக்கியவர் கேடயத்துக்குள் இருக்கிற வண்டிக்கு இரண்டு ஏர்க்கால் வைத்துவிட்டார். பூவர்களின் மாட்டுவண்டிக்கு நடுவில் ஒரே ஏர்க்கால்தான். போதாக்குறைக்கு முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவு. நாட்டு வண்டியில் பின் சக்கரம்தான் பெரிசு. ஊரே கொதித்தது, அப்புறம் திருத்தி ஒற்றை ஏர்க்காலோடு அடித்தார்கள். இரண்டு வகையும் எளிதில் கிடைப்பதில்லை, இரட்டை ஏர்க்கால் இன்னும் அரிது.

உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிங்கம் தெரிகிறது, துப்பாக்கிக்காரர் தெரிகிறார், நடுவில் நங்கூரமும் தெளிவு. கேடயத்தின் கீழ்ப்பாதியில்தான் வண்டி, அங்கே போய் ஒரு மண்கட்டி உட்கார்ந்திருக்கிறது! பின் சக்கரம் முழுசாகத் தெரிகிறது, முன் சக்கரத்தின் மேல்வளைவு மட்டும் எட்டிப் பார்க்கிறது, ஏர்க்கால் இருக்கவேண்டிய இடம் முழுக்க மண். ஆர்வத்தில் ஊசியால் நோண்டிவிடாதீர்கள். அது ஊறித் தானாக விழட்டும். அதற்குள் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, எடை: புதுக்காசு 28 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும், தேய்ந்தது கொஞ்சம் குறையும், ரொம்பக் குறைந்தால் சந்தேகப்படலாம். இரண்டாவது, விளிம்பைச் சுற்றி விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்தில் இதைப் ப்ரூச்சாக, உடையில் குத்துகிற நகையாக, பற்றவைத்துப் போட்டுக்கொள்வார்கள், பற்றவைத்த தழும்பு இருந்தால் சேகரிப்பவர் முகம் சுளிப்பார்.

விலை கேட்டீர்கள். நான் எண் சொல்லப்போவதில்லை. வண்டி தெரியாமல் சொன்னால் அது ஜோசியம், அதைவிட முக்கியம், அந்தக் காசை விற்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பதே இன்னும் முடிவாகவில்லை. 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் சட்டம், தேசிய மரபுவளச் சட்டம், 100 வருடத்துக்கு மேற்பட்டு மண்ணில் புழக்கமில்லாமல் கிடக்கிற மனிதர் கைப்பொருளைத் தொல்பொருள் என்கிறது. தொல்பொருள் அரசாங்கச் சொத்து. நிலம் மாமாவுடையது என்பதால் அதில் மாற்றமில்லை. பாட்டியின் பெட்டியிலிருந்து வந்த காசு வேறு, மண்ணிலிருந்து வந்த காசு வேறு. பக்கத்து மியூசியத்திலோ, நம் மாகாணத்தில் மரபுவளத்தைக் கவனிக்கிற அமாஃபா நிறுவனத்திலோ காசையும் இடத்தையும் தெரிவித்துவிடுங்கள். எனக்கும் இது கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத காசை நேர்மையான வியாபாரி தொடமாட்டார், தொடுகிறவர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிசு. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து, தோட்டக் கூலிகளாக வந்த நம்மவர்களுக்கு ஒப்பந்தச் சம்பளம் முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். அப்படியென்றால் உங்கள் கையில் இருப்பது முதல் வருடக்காரர் ஒருவரின் அரை மாத உழைப்பு. கூலி லைனில் அது யாருடையது, ஒளித்து வைத்ததா, விழுந்ததா? பக்கத்தில் ஒரு பொத்தானோ உடைந்த சட்டியோ இருந்தால் ஓரளவு சொல்லலாம். குழியைத் தோண்டிக் கலைத்துவிட்டால் அதுவும் போய்விடும். அதனால் அந்த அடித்தளத்துப் பக்கம் டிடெக்டரைக் கொண்டுபோவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். அப்படிப்பட்ட இடத்தில் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்துவதே குற்றம். எடுத்த இடத்தைப் போனில் குறித்து, ஆழத்தையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: டர்பன் கடற்கரையில் உலர்ந்த மணலில் என் டிடெக்டர் சமத்தாக இருக்கிறது. அலை தொட்ட மணலுக்குப் போனதும் ஓயாமல் கத்துகிறது. கெட்டுப்போய்விட்டதா?
- வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: கெடவில்லை அம்மா. உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், ஒரே அலைவரிசையில் ஓடுகிற சாதாரண டிடெக்டர் அதையும் உலோகம் என்று நினைத்துக்கொள்கிறது. சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, ஈர மணலின் மேலேயே கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சத்தத்தை அடக்குகிற அமைப்பு) செய்து பாருங்கள், ஓரளவு அடங்கும். அடங்காவிட்டால் பல அலைவரிசை மாடலோ பல்ஸ் வகையோதான் வழி. பல்ஸ் வகை ஈரத்தைப் பொருட்படுத்தாது, ஆனால் இரும்பைச் சரியாகப் பிரித்துச் சொல்லாது, ஆணி ஆணியாகத் தோண்டுவீர்கள். பீர் டின் மூடியின் வளையம் கத்துகிறதே என்று எரிச்சலில் டிடெக்டர் அதற்குக் காட்டுகிற எண்ணையே அணைத்து வைக்காதீர்கள், மெல்லிய தங்க மோதிரமும் அதே எண்ணில்தான் கத்தும். கடல் கொந்தளித்து மணலை அரித்துப்போன மறுநாள் போனால் நல்லது. நகராட்சி விதியைப் போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டோங்காட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1835 என்று போட்ட செம்புக்காசு கிடைத்தது. மதுரையில் இருக்கிற சித்தப்பா மகன் இது அரிசியை இழுக்கிற காசு, கோடிக்கணக்கில் வாங்க ஆள் இருக்கிறது, சோதனைக்கு முன்பணம் கட்டவேண்டும் என்கிறான்.
- வாசகர், டோங்காட்

பதில்: ஒரு ராண்ட் கூட அனுப்பாதீர்கள். எந்தக் காசும் அரிசியை இழுக்காது. ரைஸ் புல்லர் என்பது தமிழ்நாட்டில் போலீஸ் அடிக்கடி பிடிக்கிற மோசடி, சோதனைக் கட்டணம் என்று கறப்பதுதான் அதன் தொழிலே. ஒரு பக்கம் ராமர், சீதை, அனுமார், மறுபக்கம் 1818, கம்பெனி பெயர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற காசுகள் கம்பெனி அடித்தவையே அல்ல, பிற்காலத்து அலங்காரச் சமாச்சாரம்.

உங்களுடையது கம்பெனியின் சின்னமும் மாலைக்குள் கால் அணா என்ற எழுத்தும் உள்ள காசானால் அது உண்மையானதாக இருக்கலாம். அதை லட்சலட்சமாக அடித்தார்கள், 1835 என்ற வருடத்தை மாற்றாமலே பிற்பாடும் அடித்தார்கள். அதனால் சந்தையில் பெரிய விலை இல்லை. செம்பு என்பதால் ஒன்றைக் கவனியுங்கள்: வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது நோய், ஈரமில்லாத டப்பாவில் தனியாக வையுங்கள். மண்ணில் கிடைத்தது என்பதால் மேலே சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: லீவில் இசான்ட்ல்வானாவுக்கும் ஸ்பியோன்கோப்புக்கும் போகிறோம். டிடெக்டர் எடுத்துப்போகலாமா?
- வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: காரில் கூட வேண்டாம். இரண்டும் போர்க்களம், 1879 ஜூலுப் போரிலும் 1900-இல் பூவர் போரிலும் செத்தவர்கள் அங்கேயே புதைந்திருக்கிறார்கள். போர்க்களத்திலும் பழைய கல்லறைகளிலும் அனுமதி இல்லாமல் உலோகம் தேடுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. ஸ்பியோன்கோப்பில் காந்தியின் ஆம்புலன்ஸ் படையோடு ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களில் நம்மவர்களும் உண்டு, அந்த மேட்டில் ஏறி நின்று பாருங்கள்.

கேள்வி: தொழிலதிபர் சாமி மார்க்ஸ் பெயரில் சொல்லப்படுகிற தங்க டிக்கி (டிரான்ஸ்வாலின் 3 பென்ஸ் காசு) ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?
- வாசகர், லெனேஷியா

பதில்: 1898-இல் அடித்தது மொத்தம் 215. வெள்ளி டிக்கிக்குத் தங்கமுலாம் பூசினது ஊரெல்லாம் கிடக்கிறது. முதலில் வருடத்தைப் பாருங்கள்: வெள்ளியில் 1897 வரைதான் உண்டு, 1898 வெள்ளி டிக்கி கிடையாது. வேறு வருடம் போட்டிருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1898 என்றே இருந்தாலும் சான்றுபெற்ற உறையில் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள், அந்தச் சான்று எண்ணையும் சான்று கொடுத்தவர்களிடமே சரிபாருங்கள்.