முகாமில் பிறந்த பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை? – கேள்வி பதில்

பவானிசாகர், அறச்சலூர் அகதி முகாம்களில் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்து வந்தேன். போர், இடப்பெயர்வு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, சண்டை 2009லேயே முடிஞ்சுதுங்களே, இன்னும் ஏன் ஊருக்குப் போகாம இருக்காங்க? (கோபி)

போக ஊர் வேண்டுமே! 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இலங்கையின் வடக்கே வன்னியில் சிலருடைய காணி ராணுவத்திடம் போனது, சிலருடைய காணியில் கண்ணிவெடி. பத்திரம் தொலைந்தவர்கள் பாடு இன்னும் மோசம். முகாமில் மலையகத் தமிழரும் உண்டு. இங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. பலருக்கு அங்கே சொந்தக் காணி என்று ஒன்று இருந்ததே இல்லை.

இங்கேயே பிறந்த பிள்ளைக்குமா குடியுரிமை இல்லைங்க? (பொள்ளாச்சி)

பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண் இதைக் காட்டித்தான் உயர் நீதிமன்றம் போய், 2022ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. உயிர் தப்பப் பாஸ்போர்ட் இல்லாமல் படகேறியவரைச் சட்டம் அந்தப் பெயரில்தான் அழைக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தத்திலும் சலுகை பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குத்தான், இலங்கை இல்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். நன்றாகப் படித்த பையன் அரசு வேலைக்கு எழுத முடியாது, வெளிநாடு போக முடியாது; கடைசியில் அப்பாவோடு பெயிண்ட் அடிக்கப் போகிறான்.

அகதிங்க எல்லாம் ஐரோப்பா, கனடான்னு போயிடறாங்கதானே? (திருப்பூர்)

இல்லை. உலக அகதிகளில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள். 2017ல் மியான்மரிலிருந்து ஏழு லட்சம் ரோகிங்கியா முஸ்லிம்கள் ஓடி வந்து நின்றது வங்கதேசத்தில். சொந்த நாட்டுக்குள்ளேயே ஊர் மாறி அலைபவர்கள் அகதிகளைவிட அதிகம்.

போர்னா குண்டு பட்டுச் சாகறதுதானுங்களே பெருசு? (காங்கேயம்)

ஆப்பிரிக்காவில் சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் சண்டை மூண்டது. நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் நடுவே கெசிரா என்று ஒரு பாசனப் பகுதி, சுமார் இருபது லட்சம் ஏக்கர். நம் கீழ்பவானி ஆயக்கட்டு போலப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிசம்பரில் துணைப்படை அங்கே புகுந்தது. ஆட்கள் ஓடினார்கள், விதையும் டிராக்டரும் கொள்ளை போயின. வாய்க்காலைப் பார்க்க ஆளில்லாமல் ஒரு போகம் தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் சூடானின் மேற்கே டார்ஃபூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்றே உறுதிசெய்தார்கள். சண்டைக்குத் தப்பி வந்தவர்கள் அங்கே பட்டினியில் செத்தார்கள். அப்புறம் காலரா, பிரசவம் பார்க்க ஆளில்லாத சாவு. இவை எதுவும் குண்டுக் கணக்கில் சேராது.

பக்கத்துல முகாம் இருக்குதுங்க. நாங்க என்ன பண்ணலாம்? (சத்தி)

பழைய துணி கொடுத்தது போதும், தயவுசெய்து இனி வேண்டாம். குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய உடன் போங்கள். பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் பாருங்கள். மில்லோ கடையோ வைத்திருந்தால், படித்த பிள்ளைகளுக்குப் படிப்புக்கேற்ற சம்பளம் கொடுங்கள்.