ஒரு சம்பளத்தில் இரண்டாவது தொழில்

மதிப்புக்குரிய ஐயா,

கொழும்பு வடக்கில் ஓர் அரச பாடசாலையில் கற்பிக்கிறேன். என் கணவர் புதுக்கடைப் பக்கம் ஓர் அச்சகத்தில் 14 வருடம் பக்க வடிவமைப்புச் செய்தார். கல்யாண அழைப்பிதழ், பாடசாலை மலர், பயிற்சிப் புத்தகம் எல்லாம் அவர் கை பட்டுத்தான் வெளியே போகும். 2022இல் காகிதம் கிடைக்காமல் விழுந்த அச்சகம் பிறகு நிமிரவேயில்லை. இரண்டு மாதத்துக்கு முன் 22 பேரில் ஒன்பது பேரை நிறுத்திவிட்டார்கள். இவரும் ஒருவர். ஒரு மாதச் சம்பளம் 58,000 ரூபாயைக் கொடுத்து, சுய விருப்பத்தில் விலகுவதாக ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். இவர் இன்னும் போடவில்லை.

அவருக்கு வயது 42. குளிரூட்டி திருத்தும் தொழிலைப் படிக்கப் போவதாகச் சொல்கிறார். காலி வீதியில் ஒரு தனியார் நிறுவனம் 185,000 ரூபாய் கேட்கிறது. ஒரு வருடம், வார நாட்களில் முழுநேர வகுப்பு. என் சம்பளம் கழிவுகள் போக 71,000 கையில் வருகிறது. சனிக்கிழமைப் பிரத்தியேக வகுப்பில் 14,000. வீட்டு வாடகை மட்டும் 32,000. மகன் அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். மகள் ஏழாம் தரம். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மாதம் 18,000 துண்டு விழுகிறது.

அம்மா தன் காப்பு இரண்டையும் அடகு வைக்கக் கொடுத்திருக்கிறார். கணவரின் அண்ணனோ, பெண்சாதி உழைக்க ஆண்பிள்ளை வகுப்புக்குப் போகிற வயதா இது, கட்டாருக்கோ கொரியாவுக்கோ போகச் சொல் என்கிறார். அவரைப் படிக்க விடுவதா, கிடைத்த வேலைக்குப் போகச் சொல்வதா?

ஓர் ஆசிரியை, மட்டக்குளி

அன்புள்ள ஆசிரியைக்கு,

படிக்க விடுங்கள். ஆனால் காலி வீதி நிறுவனத்துக்கு இப்போது ஒரு சதமும் கட்ட வேண்டாம். அதற்கு முன் அச்சகத்தோடு தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவே கூடாது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆளை நிறுத்துவதற்கு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அந்தச் சம்மதத்தைத்தான் உங்கள் கணவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், கையெழுத்துக் கேட்ட கடிதத்தின் பிரதி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். முறைப்பாட்டை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்; இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது.

இழப்பீடு வரலாம், வர நாளும் ஆகலாம். அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். பணிக்கொடை அப்படியில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. நிறுத்தினாலும் உண்டு, தானாக விலகினாலும் உண்டு. 58,000இல் பாதி 29,000. பதினான்கு வருடத்துக்கு 406,000 ரூபாய். முப்பது நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டிய பணம் அது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் என்னை வருத்தியது. அம்மாவின் காப்பு வரைக்கும் யோசித்த வீட்டில், பதினான்கு வருட உழைப்பின் பணம் யாருடைய நினைவுக்கும் வரவில்லை. அதோடு ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் சம்பளத்தின் 3 சதவீதம் மாதாமாதம் அவர் பெயரில் சேர்ந்திருக்க வேண்டும். வேலை போனபின் அதை எடுக்கலாம். சேமலாப நிதியை 55 வயது வரை மறந்துவிடுங்கள். அதிலிருந்து முன்கூட்டியே 30 சதவீதம் எடுக்கும் வழி வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான், படிப்புக்கு இல்லை.

இனி உங்கள் கணக்கு. மாதம் 18,000 துண்டு என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு 216,000. கட்டணம் 185,000. மொத்தம் 401,000. பணிக்கொடை கிடைத்தால் ஐயாயிரம் மிச்சம், சமாளித்துவிடலாம் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. சான்றிதழ் கையில் வந்த மறுநாளே சம்பளம் வருவதில்லை. புதிய ஆளை நம்பி வீட்டுக்குள் விட ஆட்கள் கொஞ்ச நாள் எடுப்பார்கள். வாயு அழுத்தம் பார்க்கும் மானி, வெற்றிடப் பம்பி, செப்புக் குழாயை விரிக்கும் கருவி, மின்னோட்டம் பார்க்கும் கிளாம்ப் மீற்றர் என்று வாங்கவும் வேண்டும். பதினெட்டு மாதத்துக்குக் குறைந்து கணக்குப் போடாதீர்கள். பதினெட்டுப் பதினெட்டாயிரம் 324,000. பணிக்கொடையில் மீதி 82,000. பயிற்சிக்கும் கருவிக்குமாக உங்கள் வீட்டால் கொடுக்க முடிந்த தொகை அவ்வளவுதான். நீங்கள் கட்டணத்தை முதலில் எழுதிவிட்டு மாதங்களை அதன் கீழே அடுக்கியிருக்கிறீர்கள். மாதங்களை முதலில் எழுதுங்கள். கட்டணம் அதற்குள் அடங்கட்டும்.

அடங்க வழி இருக்கிறது. நாரஹேன்பிட்டியில் தொழிற்பயிற்சி அதிகாரசபை, மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி, இராஜகிரியவில் நைட்டா என்று எல்லோரும் சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகாரசபை, மூன்றும் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள அரச இடங்கள். முழுநேர வகுப்புகள் பெரும்பாலும் பாடசாலை முடித்து வரும் பிள்ளைகளை நினைத்து அமைத்தவை என்பதால் வயதெல்லையை முதலில் கேளுங்கள். வார இறுதி வகுப்பு உண்டா, கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா, செய்முறையை எந்த மொழியில் சொல்லித் தருகிறார்கள் என்று பிறகு கேளுங்கள். கொழும்பில் தமிழில் நடக்கும் வகுப்புகள் குறைவு. அச்சகத்தில் பதினான்கு வருடம் இருந்தவருக்குப் பேச்சுச் சிங்களம் கைவந்திருக்கும், செய்முறைக்கு அது போதும். எழுத்துப் பரீட்சை எந்த மொழியில் என்பதை மட்டும் சேருமுன் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி ஒன்று உண்டு. முதலில் அனுபவமுள்ள ஒரு பாஸின், அதாவது தொழில் கைவந்த மேஸ்திரியின், கீழ் உதவியாளராகப் போகட்டும். நாள்கூலி சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் அந்த 18,000இல் ஒரு பகுதியையாவது அது அடைக்கும். வேலை பழகியபின் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், வகுப்பில் உட்காராமலே, செய்த வேலைகளின் பதிவையும் செய்முறைத் தேர்வையும் வைத்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் அரசாங்கத்தின் அதே என்.வி.கியூ. சான்றிதழ்தான். இந்த முறை இருப்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. உங்கள் கணவருக்கு உடனேயும் இதில் பயன் உண்டு: பதினான்கு வருட வடிவமைப்பு அனுபவத்துக்குக் கணினி வரைகலையில் இதே வழியில் சான்றிதழ் எடுத்து வைக்கலாம். இரவில் வீட்டிலிருந்து அழைப்பிதழும் மலரும் செய்து கொடுக்கும்போது அது கைகொடுக்கும். பழைய தொழிலை முழுதாகக் கைவிடச் சொல்லாதீர்கள்.

உதவியாளர் வேலையை முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணம், இந்தத் தொழில் உடம்புக்கு ஒத்துவருமா என்பது. வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியில் குளிரூட்டி திருத்த வருபவரைப் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெளி இயந்திரம் ஐந்தாம் மாடிச் சுவரில் தொங்குகிறது. இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஒரு கால் ஜன்னல் விளிம்பிலும் மறு கால் இரும்புத் தாங்கியிலுமாக நிற்பார். தாங்கி துருவேறி இருக்கும், முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார். கடற்காற்றின் உப்பு அலுமினியத் தகடுகளில் வெள்ளையாகப் படிந்திருக்கும். தகடு மடங்காமல் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். கீழே காலி வீதியின் இரைச்சல், மேலே வெயில். முழங்கால் எப்படி, உயரத்தில் தலை சுற்றுமா என்பதை 185,000 கட்டியபின் அறிந்து பயனில்லை. அதே உப்புத்தான் இந்தத் தொழிலுக்குச் சோறு போடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடலோரம் இத்தனை மாடிகள் இருக்கும்வரை கழுவவும் திருத்தவும் ஆள் தேவை. மார்ச், ஏப்ரல் வெக்கையில் ஒருவரைப் பிடிப்பதற்கே நாட்கணக்கில் காத்திருக்கிறோம். உங்கள் கணவர் தொழிலைப் பிழையாகத் தெரிவு செய்யவில்லை.

எந்த இடத்தில் படித்தாலும் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேரட்டும். பழைய குளிரூட்டிகளுக்குள் இருக்கும், ஓசோன் படையைக் கெடுக்கும் ஆர்-22 வாயு, 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக ஒழிக்கப்பட்டு வருகிறது. இப்போது வீடுகளுக்கு வரும் புதிய குளிரூட்டிகளில் பெரும்பாலும் ஆர்-32. அது தீப்பற்றக்கூடிய வாயு, கையாளும் விதமே வேறு. பயிற்சி அறையில் பழைய ஆர்-22 இயந்திரங்கள் மட்டும் இருந்தால் திரும்பி வந்துவிடட்டும். இன்வேர்ட்டர் இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகையைக் கழற்றிக் காட்டுகிறார்களா என்றும் கேட்கட்டும். தனியார் நிறுவனம் என்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவு பெற்றதா, இந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கும் அங்கீகாரம் உண்டா என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். நிறுவனத்தின் பதிவைக் காட்டிப் பாடநெறியை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவின் காப்பை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அடகின் தவணை பெரும்பாலும் ஒரு வருடம், பயிற்சியும் ஒரு வருடம். மீட்க வேண்டிய மாதத்தில் உங்கள் கணவரின் கையில் சான்றிதழ் இருக்கும், பணம் இருக்காது. அரச ஊழியர் என்ற வகையில் உங்களுக்கு இடர் கடன் எடுக்கும் உரிமை உண்டு, அடகோடு ஒப்பிட வட்டியும் மிகக் குறைவு. அதையும் இப்போது தொடாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு என்று ஏதாவது திடீரென வந்தால் அதுதான் கைக்காவல்.

அண்ணனுக்கு ஒரே பதில். கொரியாவின் வேலைத் திட்டத்துக்கு வயதெல்லை 39, அந்தப் பேச்சு முடிந்தது. கட்டாருக்கு இன்று போனால் கைத்தொழில் இல்லாத கூலியாகப் போக வேண்டும். சான்றிதழோடு பிறகு போகலாம், போகாமலும் இருக்கலாம். பெண்சாதி உழைப்பு என்ற சொல்லை அவர் இனி உங்கள் வீட்டில் சொல்லாதபடி உங்கள் கணவர்தான் தடுக்க வேண்டும். பதினான்கு வருடம் இரண்டு சம்பளத்தில் ஓடிய வீடு அது. இப்போது ஒன்றில் ஓடுகிறது. இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

உங்களைப் பற்றி நீங்கள் எழுதியது சம்பளத் தொகை மட்டும்தான். சனிக்கிழமை வகுப்போடு ஞாயிறும் ஒன்று தொடங்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அவர் வீட்டில் இருக்கும் இந்த மாதங்களில் காலைச் சமையலும் மகளை வகுப்புக்குக் கூட்டிப்போவதும் அவர் பொறுப்பாகட்டும். எந்த மாதம் வரை இப்படித் தாக்குப்பிடிப்பீர்கள் என்ற முடிவு உங்களுடையது. மாதத்தின் பெயரை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அதற்குள் துண்டு விழுவது பாதியாகக் குறையாவிட்டால், படிப்பை வார இறுதிக்கு மாற்றிக்கொண்டு கிடைத்த வேலைக்குப் போவது என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில் திணைக்களத்தில் முறைப்பாட்டுக்கு இலக்கம் தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் தெஹிவளையில் இரண்டு உதவியாளர்களோடு வேலை செய்கிறார். வயதைப் பெரிதாகப் பார்க்காத மனிதர். உங்கள் கணவர் விரும்பினால் எழுதுங்கள், அவரோடு பேச ஒழுங்கு செய்கிறேன்.