மக்கள்தொகை ஆய்வில் கோடைக்காலப் பயிற்சி: பெற்றோரும் மாணவரும் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் சமூகவியல், பொருளியல், புள்ளியியல் என்று இளங்கலை படிக்கும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக மக்கள்தொகை ஆய்வு மையங்கள் கோடையில் உதவித்தொகையோடு பயிற்சி தருகின்றன. பெரும்பாலும் 8 முதல் 10 வாரம். "எங்கள் பிள்ளை டெமோகிராஃபி படிக்கவில்லையே, எடுப்பார்களா?" என்று தயங்க வேண்டாம். இளங்கலையில் அதைத் தனித் துறையாக வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு என்பது அந்த மையங்களுக்கே தெரியும்.

அறிவிப்பில் முதலில் படிக்க வேண்டியது குடியுரிமை விதி. தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி தரும் ஆர்.இ.யு. (இளங்கலை மாணவருக்கான ஆய்வு அனுபவம்) திட்டங்களில் உதவித்தொகை பெற அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது. கோடைக்கு முன்பே பட்டம் வாங்கிவிடும் இறுதியாண்டு மாணவரும் பொதுவாக இதில் சேர முடியாது. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் தம் பல்கலைக்கழகப் பேராசிரியரிடமே சம்பளத்துக்கு ஆய்வு உதவியாளராகச் சேரலாம். வெளியே என்றால் ஒரு கல்வியாண்டு முடிந்தபின் சி.பி.டி. (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) அனுமதி கேட்க வேண்டும். கல்லூரி தரும் ஐ-20 என்ற மாணவர் தகுதிச் சான்றுத் தாளில் அது பதிவாகும்வரை ஒரு நாள்கூட வேலை தொடங்கக் கூடாது. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்குச் சம்பள வேலை செய்யும் அனுமதியே இல்லை. இதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டு மனம் உடைவதைவிட, கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இலையுதிர் பருவத்திலேயே பேசிவிடுவது நல்லது.

விண்ணப்பக் கடைசி நாள்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வரும். பரிந்துரைக் கடிதம் எழுதப் பேராசிரியருக்கு ஒரு மாதமாவது கொடுங்கள்.

தேர்வை உண்மையில் தீர்மானிப்பது, இந்தப் பிள்ளை தரவைக் கையாண்டிருக்கிறதா என்பதுதான். "மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று இரண்டு பத்தி எழுதுவதைவிட, கையால் செய்த ஒரு சின்ன வேலை அதிகம் பேசும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கினால் ஆண்டுதோறும் நடக்கும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பின் தனிநபர் தரவு (ஒரு நபருக்கு ஒரு வரி) இலவசம். ஒரே ஆண்டையும் வயது, வருமானம் போன்ற மாறிகளில் பத்துக்குள்ளும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் அள்ளினால் மடிக்கணினி திணறும். கேள்வியும் சிறியதாக இருக்கட்டும்: தனியாக வாழும் முதியவர் பங்கு மாநிலத்துக்கு மாநிலம் எப்படி மாறுகிறது, அவ்வளவு போதும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதலாவது எடை. ஓராண்டுக் கோப்பு ஏறத்தாழ நூற்றில் ஒருவரை மட்டும் எடுத்த மாதிரித் தொகுப்பு (சாம்பிள்). ஒவ்வொரு வரியும் எத்தனை பேரைக் குறிக்கிறது என்பதை நபர் எடை சொல்லும். எடையில்லாமல் எண்ணினாலோ, நபரை எண்ணும் இடத்தில் வீட்டு எடையைப் போட்டாலோ விடை கோணும். சரிபார்க்க எளிய வழி: எல்லா நபர் எடைகளையும் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகை, அதாவது அண்மை ஆண்டுகளில் 33-34 கோடியை ஒட்டி, வர வேண்டும். இரண்டாவது, 'பொருந்தாது' என்பதற்கான குறியீடு. மொத்த வருமான மாறியில் 15 வயதுக்குக் கீழுள்ளோருக்கு 9999999 என்று இருக்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் குழந்தைகள் எல்லாரும் கோடீசுவரர் ஆகிவிடுவார்கள்! ஆய்வு மையத்தில் முதல் வாரமே இதைத்தான் பார்ப்பார்கள்.

முடிவை இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும்: கேள்வி, தரவு, ஒரு அட்டவணை, ஒரு வரைபடம், இந்தத் தரவால் சொல்ல முடியாதது எது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் எழுதிய கட்டளைக் கோப்பையும் பத்திரப்படுத்தட்டும். விண்ணப்பத்தோடு தரும் நோக்க உரையில் அந்த மையத்தின் எந்த ஆய்வாளரோடு வேலை செய்ய விருப்பம், ஏன் என்று பெயர் சொல்லி எழுதினால் அதைப் படிப்பவருக்கும் யாரிடம் சேர்க்கலாம் என்று தெரியும்.

இடம் கிடைத்ததும் தங்குமிடமும் பயணச் செலவும் உதவித்தொகைக்குள் அடங்குமா, தனியா என்று எழுத்தில் கேளுங்கள். உதவித்தொகைக்குப் பொதுவாக வரி உண்டு, பல இடங்களில் முன்கூட்டிப் பிடிக்க மாட்டார்கள். ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள். சேர்வதற்கு உங்களிடம் கட்டணம் கேட்கும் 'ஆய்வுப் பயிற்சி' எதுவும் இந்த வகையைச் சேர்ந்ததல்ல.

இந்த ஆண்டு கிடைக்காவிட்டால், அதே இரண்டு பக்கத்தோடு கல்லூரியில் மக்கள்தொகை தொடர்பாக ஆய்வு செய்யும் ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஐந்து மணி நேரத் தரவு வேலை கிடைத்தாலும், அடுத்த விண்ணப்பத்துக்கான பரிந்துரைக் கடிதத்தை அவரே எழுத முடியும்.