‘நேரம் கிடைக்கவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

தாம் அனுப்பிய அறிக்கையைப் பார்த்தீர்களா என்று மேலாளர் கேட்டதற்கு, ‘நேரம் கிடைக்கவில்லை’ என்ற பொருளில் ‘ஐ டிடின்ட் கெட் டைம்’ என்று எழுதியதாகவும், பக்கத்து இருக்கைக்காரர் அது பிழை என்று சொன்னதாகவும், எப்படி எழுதியிருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு பல ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால், இந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அதை அப்பட்டமான பிழை என்று நான் தள்ள மாட்டேன். இந்தியாவில் எந்த அலுவலகத்திலும் அது புரியும். ‘இஃப் யூ கெட் டைம்’ என்று இங்கிலாந்துக்காரர்களும் சொல்வதுண்டு. ஆனால் நேற்று நடக்காமல் போன ஒரு வேலையைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் வாயில் இயல்பாக வருவது ‘ஐ டிடின்ட் ஹேவ் டைம்’ என்பதே. ‘கெட்’ நம் ‘கிடை’யிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் ‘எனக்கு நேரம் கிடைக்கவில்லை’ என்னும்போது எழுவாய் நேரம். நானோ நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். வேலை கிடைப்பது போல, வரன் கிடைப்பது போல, நேரமும் தானாக வந்து கிடைக்க வேண்டிய பொருளாகிறது. வராவிட்டால் பழி என்மேல் இல்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஆள்தான் எழுவாய். அவன் நேரத்தை வைத்திருக்கிறான், தேடிக் கண்டுபிடிக்கிறான், உண்டாக்குகிறான், எடுத்துக்கொள்கிறான். ஆகவே எந்த வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுவே பொறுப்பு யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறது. ‘ஹேவ்’ என்பது வெறும் தகவல்: கையில் நேரம் இல்லை. ‘ஐ குடின்ட் ஃபைண்ட் த டைம்’ என்றால், தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை என்று பொருள். ‘ஐ டிடின்ட் மேக் டைம் ஃபார் இட்’ என்றாலோ அது ஒப்புதல் வாக்குமூலம். நான் நினைத்திருந்தால் நேரத்தை ஒதுக்கியிருக்கலாம், ஒதுக்கவில்லை என்று நானே சொல்கிறேன். நம் மொழியில் இதற்கு நெருங்கிய சொல் ‘ஒதுக்கு’தான். நேரத்தைச் செலவழிப்பதும் மிச்சப்படுத்துவதும் இரண்டு மொழிகளிலும் உண்டு. காலம் பணமாகும் என்று பெஞ்சமின் பிராங்க்ளின் 1748இல் ஓர் இளம் வணிகருக்கு எழுதிய அறிவுரையில் சொன்னது உலகமெங்கும் பரவிய எண்ணம். நேரத்தை ‘உண்டாக்கும்’ பேச்சுதான் இன்னும் நமக்குப் பழக்கமாகவில்லை.

‘கெட் ரவுண்ட் டு’ என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்கர்கள் ‘கெட் அரவுண்ட் டு’ என்பார்கள். செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையில் அதுவும் இருந்தது, தள்ளித் தள்ளிப் போய் இன்னும் அதன் முறை வரவில்லை என்பது இதன் பொருள். நண்பரிடம் தாராளமாகச் சொல்லலாம். மேலாளரிடம் சொல்லுமுன் யோசிக்க வேண்டும், ஏனெனில் நேரம் இருந்தும் மற்றவற்றை முன்னால் வைத்தேன் என்ற செய்தி அதற்குள் இருக்கிறது. இதில் வரும் ‘டு’வுக்குப் பின் ‘ரீடிங்’, ‘கிளீனிங்’ என்ற வடிவம்தான் வர வேண்டும். ‘ரீட்’, ‘கிளீன்’ என்று எழுதுவது பிழை.

நம் ‘கிடைக்கவில்லை’க்கு உண்மையான இணை ‘டைம்’ அல்ல, ‘சான்ஸ்’. ஆங்கிலேயருக்கும் வாய்ப்பு தானாகத்தான் கிடைக்கிறது. அங்கே ‘கெட்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. அதனால்தான் பண்பறிந்த ஒருவர் நினைவூட்டும்போது, பார்த்தீர்களா என்று நேராகக் கேட்காமல், ‘டிட் யூ கெட் அ சான்ஸ் டு லுக் அட் இட்?’ என்று கேட்கிறார். பார்க்கவில்லை என்றால் அதற்குச் சூழ்நிலையே காரணம் என்று அவரே நமக்காக ஒரு சமாதானத்தைக் கேள்விக்குள் வைத்துத் தருகிறார். அலுவலகக் கடிதங்களில் நான் மிகவும் மதிக்கும் வாக்கியம் இது. ஓர் எச்சரிக்கை மட்டும்: தமிழில் ‘கனமழைக்கு வாய்ப்பு’ என்பதிலும் ‘பாட வாய்ப்பு’ என்பதிலும் ஒரே சொல்தான் வருகிறது. ஆங்கிலத்தில் மழைக்கு ‘சான்ஸ் ஆஃப்’, பாடுவதற்கு ‘சான்ஸ் டு’. முதலாவது நிகழக்கூடிய தன்மை, இரண்டாவது நமக்குத் திறந்த கதவு. ‘ஆப்பர்ச்சூனிட்டி’ என்ற சொல்லை மழைக்குச் சொல்லவே முடியாது.

நேரத்தைவிட முயற்சியைப் பற்றிய சொற்களில்தான் நான் அதிகம் இடறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு சிறு நகரக் கருத்தரங்குக்கு இங்கிலாந்திலிருந்து வந்துபோன முதிய பேராசிரியர் ஒருவருக்கு, அமைப்பாளர்கள் தமிழில் எழுதிய நன்றிக் கடிதத்தை ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். ‘இவ்வளவு தூரம் மெனக்கெட்டு வந்ததற்கு நன்றி’ என்ற வரியை ‘தேங்க் யூ ஃபார் பாதரிங் டு கம்’ என்று எழுதினேன். அகராதியின்படி அது சரிதான். ஆனால், தாம் தாமதமாக வந்ததில் அமைப்பாளர்களுக்கு மனவருத்தமா என்று கேட்டு அவரிடமிருந்து பதில் வந்தது. அந்த வரி அவர் காதில் ‘வரவாவது தோன்றியதே’ என்று விழுந்திருக்கிறது. ‘பாதர்’ பெரும்பாலும் எதிர்மறையிலும் கேள்வியிலும் வாழும் சொல். ‘டோன்ட் பாதர்’ என்றால், சிரமப்பட வேண்டாம். ‘ஹி டிடின்ட் ஈவன் பாதர் டு கால்’ என்றால், ஒரு போன்கூடச் செய்யவில்லை என்ற மனத்தாங்கல். அதை உடன்பாட்டில் வைத்து நன்றி சொன்னால் குத்தலாகிவிடும். நான் எழுதியிருக்க வேண்டியது, ‘தேங்க் யூ ஃபார் டேக்கிங் த ட்ரபிள் டு கம் ஆல் த வே’.

‘மெனக்கெடு’ என்பது ‘வினைக்கெடு’ என்பதன் திரிபு. தன் வேலை கெட, அதை விட்டுவிட்டு வருவதையே அந்தச் சொல் கணக்கில் கொள்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘மினக்கெடாதே’ என்றால் வீணாக நேரம் கடத்தாதே என்றே பொருள். ஆங்கிலத்தின் ‘ட்ரபிள்’ பட்ட சிரமத்தை எண்ணுகிறது, ‘டேக் த டைம்’ கொடுத்த நேரத்தை எண்ணுகிறது. விட்டுவிட்டு வந்த வேலையை எண்ணும் சொல் நம்முடையது. அந்த அருமையை ஆங்கிலத்தில் முழுதாகக் கொண்டுவர எனக்கு இன்றுவரை கைகூடவில்லை.

‘முடிந்தது’ என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடிப்போய்க் கடைசிப் பேருந்தைப் பிடித்ததைச் சொல்ல ‘ஐ குட் கேட்ச் த பஸ்’ என்று எழுதக்கூடாது. ஒருமுறை முயன்று நிறைவேறியதற்கு ‘மேனேஜ்ட் டு’ வேண்டும். முயற்சி பெரிதில்லாமல் நல்வாய்ப்பாக அமைந்ததற்கு ‘காட் டு’: ‘ஐ காட் டு மீட் ஹர்’, அவரைச் சந்திக்கக் கொடுத்துவைத்தது.

உங்கள் மேலாளருக்கு நான் எழுதுவதாயிருந்தால், ‘ஐ ஹேவன்ட் ஹேட் அ சான்ஸ் டு லுக் அட் இட் யெட்’ என்று எழுதி, எத்தனை மணிக்குள் பார்த்துவிடுவேன் என்பதையும் அடுத்த வரியிலேயே சேர்த்துவிடுவேன். ‘டிடின்ட்’ என்று முடித்தால் வாய்ப்பு வந்து போய்விட்டது போல ஒலிக்கும். ‘ஹேவன்ட்’டும் ‘யெட்’டும் சேர்ந்தால், வேலை இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.